ஒரு பக்கமாகத் தேயும் டயர்: வருசநாட்டு ரோட்டிலிருந்து ஒரு சின்ன வரலாறு

புது வண்டி எடுத்து ஆறேழு மாசம் இருக்கும். மீட்டர் 8,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. டயரின் நடுவில் பட்டன் புதுசு மாதிரியே நிற்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் உள்பக்க ஓரம் மட்டும் மொட்டை! தேனியிலிருந்து கடமலைக்குண்டு, வருசநாடு என்று வாடகைக் கார் ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இப்படி ஒரு கதை யாரிடமாவது இருக்கும்.

கதையின் அடுத்த பகுதி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டி விற்றவர், "டயருக்கு எங்க வாரண்டி கிடையாதுங்க, டயர் கம்பெனியைப் பாருங்க" என்பார். டயர்க்காரர், "டயர்ல குறையே இல்லண்ணே, வண்டி அலைன்மெண்ட்தான் அவுட்டு" என்பார். அலைன்மெண்ட் கடைக்காரர், "உங்க ஊரு ரோடு அப்படி" என்று முடித்துவிடுவார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு டயருக்கான காசு நாலாவது ஆளின் பையிலிருந்துதான் போகிறது.

தேய்மானத்துக்கு யார் காசு கட்டுவது என்பது ரொம்பப் பழைய கேள்வி. மாட்டு வண்டிக் காலத்திலேயே இருந்தது, அப்போது கட்டியவர் வேறு. அது எப்படிக் கைமாறி இன்று வண்டிக்காரர் தலையில் வந்து விழுந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பட்டா ரோட்டைத் தின்ற காலம்

பழைய மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டா. இந்தப் பட்டாவைப் போடுவது ஊரே வேடிக்கை பார்க்கிற வேலை. வரட்டியை அடுக்கி நெருப்பு மூட்டி, பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் தூக்கி வட்டைமேல் இறக்குவார்கள். உடனே தண்ணீரை ஊற்றினால் இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆசாரியும் கொல்லரும் சேர்ந்து செய்த காரியம் அது.

இந்தச் சக்கரமும் கோணலாகத் தேயும். இருசும் குடமும் உரசி உரசி ஓட்டை பெரிதானால் சக்கரம் ஆட ஆரம்பிக்கும். ஆடுகிற சக்கரத்தில் பட்டாவின் ஒரு விளிம்பு மட்டும் தரையில் அழுந்தும். அதனால்தான் வண்டி மை விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்தார்கள். ஆனாலும் இரும்பு தேய வருஷக்கணக்கில் ஆகும். அதற்கு முன்னால் தேய்ந்தது ரோடு.

கம்பம் பள்ளத்தாக்கில் இதற்குப் பெரிய உதாரணம் பெரியாறு அணை. 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த வேலை. அப்போது தேனிப் பக்கம் ரயிலே கிடையாது. அணைக்கு வேண்டிய தளவாடங்கள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கும். இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்தான் அது. அங்கிருந்து பள்ளத்தாக்கின் நீளம் முழுக்க மாட்டு வண்டிதான். பென்னிகுவிக் பெயரை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. கூடவே, அந்தப் பாரத்தை இழுத்த மாடுகளையும் பாரத்துக்கு அடியில் நொறுங்கிய ரோட்டையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். சரளை ரோட்டில் இரும்புப் பட்டா கத்தி மாதிரி இறங்கும். நூறு வண்டி ஒரே தடத்தில் போனால் இரண்டு பள்ளம், மழை பெய்தால் இரண்டு வாய்க்கால்.

அந்தத் தேய்மானத்துக்குப் பொதுப்பணம்தான் ஈடு கட்டியது. 1871-ல் மெட்ராஸ் மாகாணத்தில் வந்த உள்ளூர் நிதிச் சட்டப்படி நிலத்தின் மேல் வரி போட்டார்கள், சுங்கச்சாவடி வைத்து வண்டிக்குக் காசு வாங்கினார்கள். அந்த நிதியில் ரோட்டுக்குக் கல் கொட்டினார்கள். ஆக, சக்கரம் செய்த சேதத்தை ஊரே சேர்ந்து கட்டியது.

சக்கரம் நாலானதும் வந்த சிக்கல்

இரண்டு சக்கர வண்டிக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு சக்கரமும் இருசில் தனித்தனியாகச் சுழலும், மாடு திரும்பினால் வண்டி மொத்தமும் திரும்பும். தரையில் அதிகமாகத் தேய்த்துக்கொண்டு போகாது. நாலு சக்கரம் வைத்து, முன்சக்கரம் இரண்டையும் மட்டும் திருப்ப ஆரம்பித்த பிறகுதான் சிக்கல்.

ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். வண்டி அரை வட்டம் அடித்துத் திரும்புகிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடைவெளி 1.45 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 4.5 மீட்டர் அதிகம் உருள வேண்டும். வளைவு பெரிசோ சின்னதோ, இந்த வித்தியாசம் மாறாது. போடிமெட்டு ஏறினால் இப்படி 17 வளைவு, சின்னமனூரிலிருந்து மேகமலை போனால் 18.

தூரம் மட்டுமில்லை, திசையும் வேறு. உள்சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் போவதால், உள்சக்கரம் கொஞ்சம் கூடுதலாக ஒடிய வேண்டும். இரண்டையும் ஒரே கோணத்தில் ஒடித்தால் ஏதாவது ஒன்று உருளாமல் இழுபடும். குதிரை வண்டிக் காலத்திலேயே இதற்கு விடை கண்டவர் மியூனிக்கைச் சேர்ந்த லாங்கென்ஸ்பெர்கர். அவருக்காக 1818-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். பெயர் என்னவோ வாங்கிக்கொடுத்தவருக்குத்தான் நிலைத்தது, இன்றும் 'ஆக்கர்மன் கோணம்' என்றே சொல்கிறார்கள். உங்கள் காரின் முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடும் அதன் முனைகளும் இந்தக் கணக்கைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன. ஒரு பள்ளத்தில் அடித்து அது துளி வளைந்தாலும் கணக்குப் பிசகிவிடும்.

ரப்பர் வந்தது, கடன் கைமாறியது

காற்றடைத்த டயருக்கு முதல் காப்புரிமை 1845-ல் ராபர்ட் தாம்சன் வாங்கினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888-ல் டன்லப் சைக்கிளுக்காக அதையே மறுபடி செய்தபோதுதான் உலகம் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து டயர்கள் வெளிர் நிறம். மிஷெலின் கம்பெனியின் டயர் பொம்மை இன்னும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 1910-களில் கரித்தூளைக் கலந்தபோது டயர் கறுத்தது, ஆயுளும் பல மடங்கு கூடியது.

நம் பக்கத்தில் 1911-ல் மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் தொடங்கியது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். மாட்டு லாடத்திலிருந்து உதிரும் ஆணிகள் பஸ் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் ஓடவிட்டு ஆணி பொறுக்கினார்கள் என்று ஒரு செய்தி மதுரை வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம்.

இந்த ஆணிக் கதையில் ஒரு பெரிய மாற்றம் ஒளிந்திருக்கிறது. அதுவரை சக்கரம் ரோட்டைத் தின்றது. இப்போது ரோடு சக்கரத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. ஆணியைப் பொறுக்குகிற செலவும் டயர் மாற்றுகிற செலவும் வண்டி முதலாளியுடையது. 1931-ல் மெட்ராஸ் மாகாணத்தில் மோட்டார் வாகன வரிச் சட்டமும் வந்தது. ரோட்டுக்காக வரியும் கட்டி, அதே ரோடு தேய்க்கிற டயருக்குக் காசும் கட்டுகிற இன்றைய நிலைமை அப்போது ஆரம்பித்ததுதான்.

யுத்தம் சொல்லிக்கொடுத்த பாடம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலேயாவும் ஜாவாவும் ஜப்பான் கைக்குப் போக, உலகத்து ரப்பரில் மிகப் பெரும் பங்கு நேச நாடுகளுக்குக் கிடைக்காமல் போனது. அமெரிக்காவில் பெட்ரோலுக்கு முன்னால் டயருக்குத்தான் ரேஷன் வந்தது. டயரைக் காப்பாற்றுவதற்காகவே மணிக்கு 35 மைல் என்று நாடு முழுக்க வேகக்கட்டுப்பாடு போட்டார்கள்.

பழைய டயருக்கு மரியாதை வந்த காலம் அது. தேய்ந்த டயரின் மேல் புதுத் தடம் போட்டு ஓட்டுவதைத்தான் ரீட்ரெடிங் என்கிறோம். மதுரையில் டி.வி.எஸ். குழுமமும் ரீட்ரெடிங் ஆலை நடத்தியது. சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்ய ஒரு ஷெட்டில் ஆரம்பித்த மம்மன் மாப்பிள்ளை, 1952-ல் இறங்கியது ரீட்ரெடிங்குக்கு வேண்டிய ரப்பர் தயாரிப்பில்தான். புது டயர் செய்ய 1961 ஆனது. அதுதான் எம்.ஆர்.எஃப். அந்தக் கம்பெனி புது டயரைத் தொடுவதற்குமுன் ஒன்பது வருஷம் தேய்ந்த டயரை நம்பி நின்றிருக்கிறது.

ரீட்ரெடிங்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. டயர் சீராகத் தேய்ந்திருந்தால் அடிக்கூடு பிழைக்கும், மேலே புது ரப்பர் ஏற்றலாம். ஒரு ஓரம் மட்டும் நூல் தெரிகிற அளவுக்குப் போய்விட்டால், மீதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மொத்தமும் குப்பைதான். லாரி, பஸ் முதலாளிகள் அலைன்மெண்ட்டில் கண்ணாக இருந்ததற்குக் காரணம் இந்தக் கணக்கு. அப்போது கம்ப்யூட்டர் ஏது? நூல் பிடித்துப் பார்ப்பார்கள். இரண்டு முன்சக்கரத்துக்கும் நடுவில் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் 'டோ'. நல்ல மெக்கானிக் ஒருவர் இதை ஒரு கழியும் சாக்பீசும் வைத்தே பார்த்துவிடுவார்.

ரேடியலும் முன்சக்கர இழுவையும்

அப்படியானால் அம்பாசிடர் காலத்தில் இந்தப் புலம்பல் ஏன் இவ்வளவு இல்லை? அதற்கு இரண்டு காரணம் தெரிகிறது.

ஒன்று, டயரின் உள்கட்டு. பழைய டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். டயர் மொத்தமாக நெளியும், மொத்தமாகச் சீக்கிரம் தேயும். சின்னக் கோணல் தனியாகத் தெரிவதற்குள் டயரின் ஆயுளே முடிந்துவிடும். மிஷெலின் 1946-ல் காப்புரிமை பெற்று 1949-ல் விற்க ஆரம்பித்த ரேடியல் டயரில் தடத்துக்கு அடியில் எஃகுப் பட்டை இருக்கும். நெளிவு குறைவு, ஆயுள் அதிகம். அதனால் சின்னப் பிசகுகூடப் பல ஆயிரம் கிலோமீட்டருக்குச் சேர்ந்து சேர்ந்து ஒரு ஓரத்தில் கணக்கெழுதிக் காட்டிவிடும்.

இரண்டாவது, இழுவை. அம்பாசிடரில் முன்சக்கரம் திருப்பும், பின்சக்கரம் தள்ளும். 1983 கடைசியில் மாருதி 800 வந்தபோது, திருப்புவது, இழுப்பது, பிரேக்கில் பெரும்பங்கு, எஞ்சின் பாரம் எல்லாமே முன் டயர் இரண்டின் தலையில் வந்தது. இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவை அந்த வழிதான். நாலு டயர் பகிர்ந்துகொண்ட வேலையில் முக்கால்வாசியை இரண்டு டயர் செய்தால் எது முதலில் மொட்டையாகும்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சக்கரம் நேர்த்திசையிலிருந்து 0.2 டிகிரி மட்டும் விலகியிருக்கிறது என்று வையுங்கள். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது சுமார் 3.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 8,000 கிலோமீட்டரில் 28 கிலோமீட்டர். ஒரு டயரைத் தார்ரோட்டில் குறுக்காகப் போட்டு 28 கிலோமீட்டர் இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதுதான் அந்த மொட்டை ஓரம்.

வருசநாட்டு ரோடு என்ன செய்கிறது

க.விலக்கில் திரும்பி கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாடு போகிற பாதை வைகையின் தலைமாட்டை நோக்கிப் போகிற பாதை. இலவம் பஞ்சும் தேங்காயும் முந்திரியும் இறங்கி வருகிற பாதையும்கூட. ஒடுக்கமான இடத்தில் எதிரே பஸ்ஸோ பாரவண்டியோ வந்தால் சின்ன வண்டிதான் இறங்க வேண்டும். இறங்குவது எப்போதும் இடது சக்கரங்கள். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நாலு விரல் உயரம் இருந்தால் போதும், திரும்பி ஏறும்போது இடது முன் டயரின் ஓரம் அந்த விளிம்பில் உரசும், அந்த அடி டை ராடுக்கும் போகும். மழைத்தண்ணி வடிய ரோடு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிவாகத்தான் போடப்பட்டிருக்கும். அந்தச் சரிவில் வண்டியை நேராகப் பிடிக்க ஓட்டுநர் லேசாக வலப்பக்கம் பிடித்துக்கொண்டே போவார். மலை ஏறினால் வளைவில் வெளித்தோள் தேயும்.

ஆக, "உங்க ஊரு ரோடு அப்படி" என்பது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. ரோடு செய்த தேய்வும், வண்டி கம்பெனியிலிருந்தே கொண்டுவந்த கோணலால் வந்த தேய்வும் ஒரே மாதிரி இருக்காது. டயரைப் படிக்கத் தெரிந்தால் பிரித்துச் சொல்லிவிடலாம்.

இரண்டு தோளும் தேய்ந்து நடு நின்றால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். புது வண்டி ஷோரூமிலிருந்து வரும்போதே சில சமயம் காற்று கூடுதலாக இருக்கும், முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. அங்கங்கே சொட்டை விழுந்த மாதிரி இருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்க வேண்டும். உள்ளங்கையைத் தடத்தின் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் இருந்தால் டோ பிசகு.

முன் டோ பிசகினால் ஓட்டத்தில் அது இரண்டு முன் டயருக்கும் ஏறக்குறைய சமமாகப் பகிர்ந்துகொள்ளும், இரண்டிலும் தெரியும். ஒரே ஒரு டயரில் மட்டும் ஒரு ஓரம் போயிருந்தால் கேம்பர் கோணமோ, வளைந்த பாகமோ காரணமாக இருக்கலாம். பள்ளத்தில் அடித்த ஞாபகம் இருக்கிறதா என்று அப்போது யோசிக்க வேண்டும். பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் விஷயம் வேறு. நிறைய சின்னக் கார்களில் பின் அச்சு ஒரே பீமாக இருக்கும், கோணத்தைத் திருகி மாற்ற வழியே கிடையாது. அடி எதுவும் படாத புது வண்டியில் பின் டயர் இப்படித் தேய்ந்தால், கேள்வியை ரோட்டிடம் கேட்காமல் வண்டி செய்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

சாட்சியை அழித்துவிடாதீர்கள்

பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். டயர் தேய்ந்ததைப் பார்த்ததும் பதறிப்போய் நேரே அலைன்மெண்ட் கடைக்குப் போய்ச் சரிசெய்துவிடுவது. சரிசெய்த நிமிஷம் கோணல் இருந்ததற்கான சாட்சி போய்விடும். பிறகு யாரிடம் பேசினாலும் "இப்ப எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்பார்கள்.

வரிசை மாறக்கூடாது. முதலில் நாலு டயரையும், மீட்டரையும் சேர்த்துப் போட்டோ. அடுத்து, ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் தட ஆழம் அளந்து எழுதிக்கொள்வது. புது கார் டயரில் பொதுவாக 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். தடத்துக்குள் சின்ன மேடாகத் தெரிகிற அடையாளம் 1.6 மில்லிமீட்டர், அதைத் தொட்டால் டயர் முடிந்தது. மூன்றாவது, எதையும் திருகாமல் கோணங்களை மட்டும் அளந்து பிரிண்ட் வாங்குவது. "முதல்ல அளந்து மட்டும் குடுங்கண்ணே, திருகுறது அப்புறம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ரிப்பேர். புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சில் தீரவில்லை என்றால் தேனியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. அங்கே ஜெயிப்பதும் தோற்பதும் இந்தப் போட்டோவையும் பிரிண்ட்டையும் பொறுத்த விஷயம். வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக எடுத்தது என்பதைப் புகாரிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். லாபத்துக்காக நடத்தும் வியாபாரத்துக்கு வாங்கியது என்றால் சட்டம் 'நுகர்வோர்' என்று ஏற்காது, சுயதொழிலுக்கு விலக்கு இருக்கிறது.

மாட்டு வண்டிக் காலத்தில் தேய்மானத்தை ஊர் கட்டியது. பஸ் காலத்தில் முதலாளி கட்டினார், ஆனால் அவரிடம் நூல் பிடிக்கத் தெரிந்த மெக்கானிக்கும் ரீட்ரெடிங் கணக்கும் இருந்தன. இன்றைக்குக் கடன் வாங்கி ஒற்றை வண்டி ஓட்டுகிறவரிடம் இந்த இரண்டும் இல்லை. ஒரு ஜோடி டயர் அவருக்கு ஒரு மாதத் தவணைக்குச் சமம் என்றால் அது மிகையில்லை. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றை டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். வண்டி எடுத்த அன்றைக்கு ஒரு தடவை, முதல் சர்வீஸுக்கு முன்னால் ஒரு தடவை, அப்புறம் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, நாலு டயரின் ஆழத்தையும் எழுதி வாருங்கள். எட்டாயிரத்தில் மொட்டையாகப்போகிற டயர் மூவாயிரத்திலேயே சொல்லிவிடும்.